சிறு கடைக்கு ஃபோமில் பெயர்ப்பலகை: வீட்டிலேயே செய்யும் முறை

அக்கா தையற்கடை திறந்த சமயம், பெயர்ப்பலகையை நானே செய்து தருகிறேன் என்று முன்வந்தேன். கடைக்குப் பெயர் "தையலகம்". ஃபோம் வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து எழுத்துகளை வெட்டி, ராத்திரி ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் எழுத்துகளின் விளிம்பெல்லாம் கரையான் அரித்த கட்டை மாதிரி குழிவிழுந்து கிடந்தது. ல-வின் சுழி இருந்த இடமே தெரியவில்லை. பெயிண்டில் கலந்திருந்த கரைப்பான், ஃபோமின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டது என்பது பிறகு விசாரித்தபோதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு செய்த பலகைகள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. அவற்றைச் செய்யும்போது கற்றதை, முதல்முறை கையில் கட்டர் எடுப்பவருக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன். ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோம் நமக்குத் தருவது வடிவத்தை மட்டும். வெயிலையும் மழையையும் தாங்க அதன் மேல் ஒரு தோல் வேண்டும். காற்றைத் தாங்கப் பின்னால் ஒரு முதுகெலும்பு வேண்டும். எழுத்து வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். மாலை வேளைகளில் மட்டும் செய்தால் பத்து நாள் பிடிக்கும். அதில் பாதி, பூச்சு காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம்.

எந்த ஃபோம்?

கடையில் ஃபோம் என்று பொதுவாகக் கேட்டால் நாலு விதமான பொருளைக் காட்டுவார்கள். நால்வகையும் நான்கு குணம்.

தெர்மோகோல் எல்லாருக்கும் தெரிந்தது. பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் ஊதிப் பெருக்கி அச்சில் ஒட்டவைத்தது. அதில் 98 சதவீதம் காற்றுதான். வெட்டினால் மணி மணியாக உதிரும், விளிம்பு நேராக நிற்காது. ஒரு நாள் விழாவுக்குப் போதும். கடை வாசலில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய பலகைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நமக்கு வேண்டியது எக்ஸ்பிஎஸ், அதாவது எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன். இதுவும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் உருக்கிப் பிதுக்கிப் பலகையாக எடுப்பது. உள்ளே மணிகள் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மூடிய நுண்ணறைகள் மட்டும். அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, கத்தி வழவழவென்று இறங்கும். கூரைக்கும் சுவருக்கும் வெப்பத்தடுப்பாக விற்பது இதைத்தான். பெரும்பாலும் நீலம், இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறத்தில் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையை ஒடித்துப் பாருங்கள். மணி மணியாகப் பிரிந்தால் தெர்மோகோல், ரொட்டியைப் பிட்டது போல ஒரே சீராக இருந்தால் எக்ஸ்பிஎஸ்.

மூன்றாவது பிவிசி ஃபோம் ஷீட், சிலர் சன்போர்டு என்பார்கள். 3, 5, 10 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். தட்டையான எழுத்துக்கு நல்ல பொருள். ஆனால் இதைச் சூட்டுக் கம்பியால் வெட்டவே கூடாது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். கத்தியோ மெல்லிய ரம்பமோதான் இதற்கு. நான்காவது, இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு. ஈரம் பட்டதும் காகிதம் உப்பிவிடும் என்பதால் கடைக்குள்ளே மாட்டும் சிறு அட்டைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க எக்ஸ்பிஎஸ் பலகையை வைத்தே பேசுகிறேன். அடிப்பலகைக்கு 50 மில்லிமீட்டர் தடிமன், எழுத்துகளுக்கு 25 மில்லிமீட்டர். அடிப்பலகை 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காகிதத்தில்

புதிதாகச் செய்பவர்கள் ஃபோம் வந்த கையோடு வெட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி பலகை மேலே ஏறிய பிறகுதான் வருகிறது. அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

பலகை செய்பவர்கள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு: சிரமமில்லாமல் படிக்க, ஒவ்வொரு 3 மீட்டர் தூரத்துக்கும் சுமார் 25 மில்லிமீட்டர் எழுத்து உயரம். சாலையின் எதிர்ப்பக்கம் 12 மீட்டரில் இருந்தால் 10 செ.மீ. எழுத்து போதும் என்று வரும். ஆனால் இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நம் எழுத்தில் சுழியும் வளைவும் கொம்பும் அதே உயரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தூரத்திலிருந்து ண-வும் ன-வும் ஒன்று போலத் தெரிந்துவிடும். அதனால் நான் பாதியளவு கூட்டிக்கொள்வேன். 12 மீட்டருக்கு 15 செ.மீ. உயரம். இது என் அனுபவக் கணக்கு, இதுவரை கைவிட்டதில்லை.

"தையலகம்" 15 செ.மீ. உயரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. நீளம் வரும். 120 செ.மீ. பலகையில் இரு பக்கமும் மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். பெயரைச் சுற்றி வெறுமை இருந்தால்தான் பெயர் கண்ணில் படும். கீழே "அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்" என்று ஒரு வரி மட்டும், 6 செ.மீ. உயரத்தில். வாசலுக்கு ஐந்து மீட்டருக்குள் வருபவர் அதைப் படித்துவிடுவார். இந்தச் சிறிய வரியை ஃபோமில் வெட்ட முயலாதீர்கள். தூரிகையால் எழுதுங்கள், அல்லது வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுங்கள்.

எழுத்துரு தேர்வு இதைவிட முக்கியம். ஒரே தடிமனில் ஓடும் கனமான எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும் அலங்கார எழுத்து அச்சில் அழகு. ஃபோமில் அந்த மெல்லிய இடம்தான் முதலில் ஒடியும். 15 செ.மீ. எழுத்துக்குக் கோட்டின் அகலம் 2 செ.மீ. இருக்கட்டும், எங்கேயும் ஒன்றரைக்குக் குறையக் கூடாது. கோடு தடித்தால் ம, ல, த போன்றவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். அப்போது கோட்டை மெலிக்காமல் எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்.

பெயரை உதிரித் துண்டுகளாக எண்ணிப் பாருங்கள். "தையலகம்" பார்வைக்கு ஐந்து எழுத்து. வெட்டும்போது ஏழு துண்டு. தை-யின் ஐகாரக் கொம்பு ஒன்று, த ஒன்று, ய, ல, க, ம, அப்புறம் அந்தப் புள்ளி. ஒட்டுவதற்குக் குறைந்த இடமுள்ள துண்டும் அதுதான், உதிர்ந்தால் பெயரையே மாற்றிவிடும் துண்டும் அதுதான். எழுத்துருவில் புள்ளி நடுவில் ஓட்டையுள்ள சிறு வட்டமாக இருந்தால், அதை நிரப்பிய வட்டமாக, 3 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் மாற்றிவிடுங்கள்.

வரைந்து முடித்ததும் முழு அளவில் அச்செடுங்கள். பெரிய அச்சுக்கு வழியில்லையென்றால் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒரு தாள் 21 க்கு 29.7 செ.மீ., ஒரு எழுத்துக்கு ஒரு தாள் போதும். இரண்டு பிரதி எடுங்கள். ஒரு பிரதியைப் பலகை வரப்போகும் இடத்திலேயே ஒட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். பெயரை முன்பின் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு எழுத்தில் தயங்கினால் அந்த எழுத்தைத் திருத்துங்கள். காகிதத்தைத் திருத்த ஐந்து நிமிஷம் ஆகும்.

வெட்டுதல்

இரண்டு வழி இருக்கிறது: கத்தி அல்லது சூட்டுக் கம்பி. முதல் பலகைக்குக் கத்தியே போதும் என்பது என் எண்ணம். நேர்க்கோடுகள் அதில் அருமையாக வரும், செலவில்லை, புகையில்லை.

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு கொண்ட கட்டர், அதிலும் 18 மில்லிமீட்டர் அகல பிளேடு வாங்குங்கள். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய முனை ஃபோமை அறுக்காது, கிழிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முனையை ஒடித்துப் புதிதாக்கிக்கொள்வது நல்லது. காகித வார்ப்பை, அதாவது அச்செடுத்த எழுத்தை, ஃபோம் மேல் குண்டூசியால் குத்தி நிறுத்தி, முதலில் காகிதத்தோடு 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறுங்கள். இந்த முதல் கீறல்தான் வழி. அடுத்து அதே வழியில் பாதி ஆழம், மூன்றாவதில் முழு ஆழம். ஒரே அழுத்தில் அறுத்தால் பிளேடு உள்ளே வளையும். மேலே சரியாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் கீழே கோடு வேறு பக்கம் போயிருக்கும். பிளேடு எப்போதும் செங்குத்தாக நிற்க வேண்டும். நேர்க்கோட்டுக்கு இரும்பு ஸ்கேல் வையுங்கள். மற்றக் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும், முன்னால் வேண்டாம்.

சுழியும் வளைவும் நிறைந்த பெயரென்றால் சூட்டுக் கம்பி கைகொடுக்கும். நிக்ரோம் கம்பி, அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம், மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், அதனால் கம்பி செக்கச்சிவக்கத் தேவையே இல்லை. 0.4 மில்லிமீட்டர் கம்பிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் போதும். 12 வோல்ட்டுக்குள், கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பவர் சப்ளையை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு மின் இணைப்பை நேராகக் கம்பியில் கொடுப்பது உயிரைப் பணயம் வைப்பது. எந்த நிலையிலும் அதைச் செய்யாதீர்கள். மின்சாரத்தில் பழக்கமில்லையென்றால் கடையில் கிடைக்கும் தயார்க் கருவியை வாங்கிவிடுங்கள். சூடானால் கம்பி நீண்டு தொய்யும். அதை இழுத்துப் பிடிக்க, கம்பியைக் கட்டியிருக்கும் வில் போன்ற சட்டத்தின் ஒரு முனையில் சுருள்வில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கம்பியின் சூடு சரியா என்று வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தள்ளாமலே, தன் கனத்தில் இறங்குவது போலக் கம்பி போனால் சரி. கம்பி நடுவில் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள். வெட்டு அகலமாகி ஓரம் உருகினால், புகை கிளம்பினால் சூடு அதிகம். வளைவில் ஒரு நொடி நின்றால்கூடக் குழி விழும், ஆகவே நிற்காமல் ஒரே சீராகப் போங்கள். காகித வார்ப்புக்குப் பதிலாக வழவழப்பான தடித்த அட்டையில் எழுத்தை வெட்டி ஃபோமின் இரு பக்கமும் குத்திவைத்தால் கம்பி அதன் விளிம்பை ஒட்டியே ஓடும். கிளம்பும் ஆவியில் ஸ்டைரீன் இருக்கும். திறந்தவெளியில், காற்று உங்களைத் தாண்டி வெளியே போகும்படி உட்கார்ந்து செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

ம-வின் உள்வெளி, ல-வின் சுழி போன்ற மூடிய இடங்களுக்குக் கம்பி நுழைய வழியில்லையே என்று கேட்பீர்கள். எழுத்தின் அடிப்பக்கத்தில், பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு கீறல் போட்டு அதன் வழியாகக் கம்பியை உள்ளே விட்டு, உள்வெளியை வெட்டிவிட்டு வந்த வழியே வெளியே எடுங்கள். கீறலைப் பிறகு ஒட்டி, மேலே பட்டி (சுவரை மட்டமாக்க இழுக்கும் பூச்சு) வைத்தால் தெரியாது.

வெட்டி முடித்ததும் 120-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றி, ஓரங்களை லேசாகத் தேயுங்கள். எழுத்தின் முன்முகத்தையும் பலகையின் முகத்தையும் கட்டாயம் தேய்க்க வேண்டும். எக்ஸ்பிஎஸ் பலகையின் மேல்தோல் வழுவழுப்பாக வருகிறது. அதைச் சொரசொரப்பாக்காவிட்டால் மேலே பூசுவது எதுவும் பிடிக்காது, ஒரு மழைக்காலத்தில் அப்பளம் போலத் தோல் கிளம்பிவிடும். தேய்க்கும்போது வரும் தூள் மெல்லியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பின்னர் ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் தூள் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

வெட்டிய மிச்சத் துண்டுகளில் உள்ளங்கை அளவில் நாலைந்தை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு பசையையும் பூச்சையும் பெயிண்டையும் முதலில் இந்தத் துண்டில் தடவி ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் பாருங்கள். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த எழுத்துகள் பிழைத்திருக்கும்.

தோல்

எதையெல்லாம் ஃபோம் அருகே கொண்டுவரக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். தின்னர், பெட்ரோல், அசிட்டோன், டோலுவீன் இவை எல்லாம் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஆகவே சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டாம். செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடும் மஞ்சள் நிறப் பசை வேண்டாம். தின்னர் கலந்து அடிக்கும் எனாமல் வேண்டாம். கண்ணாடி இழையோடு பூசும் ரெஸின் பற்றிப் படித்துவிட்டுச் சிலர் பாலியெஸ்டர் ரெஸினை வாங்கிவந்துவிடுகிறார்கள். அதற்குள்ளேயே ஸ்டைரீன் இருக்கிறது; பூசிய இடமெல்லாம் குழியாகும். ரெஸின்தான் வேண்டுமென்றால் எப்பாக்ஸி. அதையும் மெல்லிய பூச்சாகத்தான் போட வேண்டும், ஓரிடத்தில் தேங்கினால் இறுகும்போது எழும் சூடே ஃபோமை உருக்கும்.

வீட்டில் செய்பவருக்கு நான் சொல்லும் வழி எளியது: தின்னருக்குப் பதில் தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பொருள்கள், தொடக்கம் முதல் கடைசி வரை.

அடிப்பலகையில் ஆரம்பியுங்கள். மொட்டை மாடிக்கு அடிக்கும் நீர்த்தடுப்பு அக்ரிலிக் பூச்சை ஒரு கோட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே மெல்லிய கண்ணாடி இழை வலைத்துணியை அதன் மேல் விரித்து, பிரஷ்ஷால் தடவி உள்ளே அமுக்குங்கள். முழுப் பலகைக்கும் போட முடியாவிட்டாலும் நான்கு ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் கட்டாயம் போடுங்கள். பலகை முதலில் அடிபடுவது மூலையில்தான். ஏணி இடித்தாலும், கீழே வைக்கும்போது நழுவினாலும், அங்கேதான் சப்பும். வலைத்துணி போட்ட மூலையை நகத்தால் குத்திப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

காய்ந்ததும் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை இழுங்கள். ஒரே தடவையில் தடிமனாக இழுக்க ஆசை வரும். அப்படிச் செய்தால் வெடிக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு கோட், காய்ந்து லேசாகத் தேய்த்தபின் இன்னொரு கோட். 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கி, மேலே மறுபடியும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட். எழுத்துகளுக்கு வலைத்துணி தேவையில்லை, மற்ற எல்லாம் அப்படியே. சுழிகளுக்குள் சிறு பிரஷ்ஷால் பூசுங்கள். அங்கே பட்டி தேங்கினால் உள்வெளி அடைபடும்.

பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று பின்பக்கம் வெறும் ஃபோமாகவே தொங்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். எறும்பு ஃபோமைக் குடைந்து கூடு வைக்கும். வெயில் படும் வெறும் பாலிஸ்டைரீன் மஞ்சளாகி, விரலால் தொட்டால் மாவாக உதிரும். புற ஊதாக்கதிர் செய்யும் வேலை அது. ஆறு பக்கமும் பூச்சு இருக்க வேண்டும்.

மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தோலாகப் பூசலாம் என்று ஒரு யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. கடைக்குள்ளே மாட்டும் பலகைக்குச் சரி. மழை படும் இடத்தில் சாதாரண வெள்ளைப் பசை திரும்ப இளகிவிடும்.

மரப்பலகை போன்ற தோற்றம் வேண்டுமென்றால், பட்டி இழுப்பதற்கு முன்பே கம்பி பிரஷ்ஷை ஒரே திசையில், சற்று அலையலையாக, அடிப்பலகையின் மேல் அழுத்தி இழுங்கள். மர ரேகை விழுந்துவிடும். அப்படிச் செய்தால் முகத்துக்குப் பட்டியும் வலைத்துணியும் வேண்டாம், நீர்த்தடுப்புப் பூச்சை மட்டும் மூன்று கோட் அடிக்கலாம். ரேகை அடையாது.

வண்ணம்

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன், இரண்டு கோட். நிறத்தில் உங்கள் விருப்பம்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பிஎஸ் தொடர்ந்து தாங்கும் வெப்பம் சுமார் 75 டிகிரி. உச்சிவெயிலில் கறுப்புப் பரப்பு அதை நெருங்கிவிடக்கூடும். பலகை வளையும், பூச்சு உப்பும். எனவே அடிப்பலகை வெளிர்நிறத்திலும் எழுத்து அடர்நிறத்திலும் இருக்கட்டும். வெளிர்மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கருநீலம். தூரத்திலிருந்து படிக்கவும் இதுவே நல்லது. சிவப்புக்கு மேல் பச்சை, நீலத்துக்கு மேல் சிவப்பு போன்ற சேர்க்கைகள் அருகில் பளிச்சென்று இருக்கும், பத்தடி தள்ளிப் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடும். முடிவெடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் துணிந்து அடிக்கலாம்.

எழுத்துகளை ஒட்டுதல்

வண்ணம் அடித்த பலகையின் மேல் எழுத்தை அப்படியே ஒட்டினால், பசை பிடித்திருப்பது பெயிண்டைத்தான். பெயிண்ட் உரிந்தால் எழுத்தும் கூடவே போகும். எடுத்துவைத்த இரண்டாவது காகிதப் பிரதியைப் பலகையில் வைத்து, எழுத்துகளின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் மட்டும் உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பின்னாலும் இரண்டு மூன்று மூங்கில் குச்சிகளைப் பாதி உள்ளே செருகிப் பசையிட்டு நிறுத்துங்கள். மீதிப் பாதி பலகையில் இறங்கும். பசை காயும்வரை எழுத்து நழுவாது, பிறகு பக்கவாட்டில் தள்ளினாலும் பெயராது. புள்ளிக்கு ஒரு குச்சி போதாது, ஒன்றென்றால் சுழலும். இரண்டு போடுங்கள்.

பசை, கரைப்பான் கலக்காத, ஃபோமுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கட்டுமானப் பசையாக இருக்கட்டும். பாலியூரித்தேன் பசையும் நன்றாகப் பிடிக்கும். அது ஈரத்தில் இறுகுவதால் ஒட்டும் முன் ஒரு பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இறுகும்போது பொங்கும் என்பதால் மிகக் குறைவாகத் தடவி, மேலே புத்தகங்களை அடுக்கிப் பாரம் வையுங்கள். க்ளூ கன் சூடு எழுத்தை உருக்கிவிடும்.

முதுகெலும்பும் மாட்டுதலும்

ஃபோம் பலகை கனமே இல்லையே, இரண்டு ஆணி போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கனத்தைக் கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும். 120 க்கு 60 செ.மீ., 50 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எக்ஸ்பிஎஸ் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பூச்சும் எழுத்தும் சேர்த்தாலும் ஒரு கையால் தூக்கலாம். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். நம் பலகையின் பரப்புக்கு 35 கிலோ. காற்று பின்னால் புகுந்தால் இதே விசை பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கும். ஃபோமில் நேராக முடுக்கிய ஸ்க்ரூ, வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வந்துவிடும். சாலையில் நடப்பவர் தலைக்கு மேல் நிற்கப்போகும் பொருள் இது. மற்ற எதிலும் சுருக்கினாலும் இதில் சுருக்காதீர்கள்.

வலைத்துணி போடுவதற்கு முன்பே பலகையின் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு பள்ளம் எடுத்து, 5 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள மர ரீப்பர்களை (நீளமான மரச்சட்டங்களை) அதில் பதித்துப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். கிட்டத்தட்ட பலகையின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ரீப்பர் மேலும் வலைத்துணி ஏறிப் படியட்டும். விசை ஓரிடத்தில் விழாமல் பரவுவது அதனால்தான். மரத்துக்கும் முன்கூட்டியே நீர்த்தடுப்பு அடித்துவிடுங்கள்.

மாட்டுவதற்கு, இன்னொரு ரீப்பரை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். மரவேலை செய்பவர் இரண்டு நிமிஷத்தில் அறுத்துத் தருவார். ஒரு பாதியைச் சாய்வு கீழே பார்க்கும்படி பலகையின் மேல் ரீப்பரில் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். மறுபாதியைச் சாய்வு மேலே பார்க்கும்படி சுவரில் ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழாய்) வைத்து முடுக்குங்கள், நான்கு ஸ்க்ரூவுக்குக் குறையாமல், ரசமட்டம் வைத்துப் பார்த்து. பலகையைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். பிறகு அடியில் இரண்டு சிறிய எல்-வடிவத் தகடுகளால் கீழ் ரீப்பரைச் சுவரோடு பிணையுங்கள். இந்தத் தகடுகள் இல்லையென்றால் காற்று பலகையைத் தூக்கிவிடும். தகட்டின் துளை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் வெப்பத்தில் விரியும், 120 செ.மீ. பலகை 30 டிகிரி ஏற்றத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் வரை நீளும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கும் 2 செ.மீ. இடைவெளியை அடைக்காதீர்கள், சுவரில் வழியும் மழைநீர் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

துளையிடும் முன் கட்டட உரிமையாளரிடமும், தேவைப்பட்டால் உள்ளாட்சி அலுவலகத்திலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஏணியில் ஒருவர், கீழே பிடிக்க ஒருவர் என்று இருவராகச் செய்யுங்கள். காற்றடிக்கும் நாளில் வேண்டாம்.

விளக்கு போட விரும்பினால் 12 வோல்ட் எல்இடி பட்டை மட்டும். அதன் அடாப்டர் ஃபோமைத் தொடாமல் சுவரில் தனியாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீன் தீப்பற்றும், எரிந்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். ஹாலஜன் விளக்கு, அடுப்பு, புகைபோக்கி எதற்கும் அருகில் இந்தப் பலகை கூடாது. அப்படிப்பட்ட இடமென்றால் ஃபோமை விட்டுவிட்டு உலோகத் தகட்டுக்குப் போய்விடுங்கள்.

மாட்டியபின் ஒரு மழை, ஒரு மாத வெயில் கழித்து ஏணி வைத்து ஏறுங்கள். மேல் விளிம்பில் முடியிழை போல வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே நீர்த்தடுப்புப் பூச்சைத் தொட்டுவையுங்கள். மிச்சம் வைத்த சிறு டப்பா இதற்குத்தான். அடித் தகடுகளின் ஸ்க்ரூவை முடுக்கிப் பாருங்கள். கடைசியாக ம் மேல் உள்ள புள்ளியை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிவிட்டு இறங்குங்கள்.